கிட் தெரியாமல் கட்டற்ற மென்பொருளுக்கு ஆவணம் எழுத முடியுமா?

மன்னை_வடவாறு கேட்டது:

வணக்கம். வரைபட மென்பொருள் கியூஜிஐஎஸ், அலுவலக மென்பொருள் லிப்ரெஆஃபீஸ் இரண்டும் அன்றாடப் புழக்கம். மதகுப் பட்டியலை அட்டவணையாக அடித்து வரைபடத்தில் ஏற்றுவது, வாய்க்காலைக் கோடாக இழுப்பது, நீளம் பரப்பளவு எடுப்பது வரை கை பழகியிருக்கிறது. நிரல் எழுத வராது. கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் கருவியைத் தொட்டதே இல்லை. தமிழ்99 விசைப்பலகையில் வேகமாக அடிக்க வரும். வாரம் நாலு மணி நேரம் ஒதுக்கலாம்.

இவற்றின் பயனர் கையேட்டுக்குத் தன்னார்வமாக எழுத நினைக்கிறேன். எந்தத் திட்டத்தில் நுழைவது? தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? கிட் எவ்வளவு தெரிந்தால் போதும்? படம் வைப்பதில் ஏதாவது முறை உண்டா? "நல்ல முயற்சி, வாழ்த்துகள்" வேண்டாம், வேலையைச் சொல்லுங்கள்.

குடமுருட்டி:

தோழர், எந்தத் திட்டம் என்பதற்குப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. தினமும் திறக்கிற மென்பொருள்தான். பெயர் பெரிது என்பதற்காகப் பழகாத ஒன்றில் நுழைந்தால் மற்றவர் எழுதியதை மாற்றி எழுதுவதோடு நின்றுவிடும்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கையேட்டில் ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, அதில் உள்ளபடி வரிக்கு வரி செய்து பாருங்கள். உங்கள் வழக்கமான அமைப்பில் செய்யாதீர்கள். எப்போதோ மாற்றிவைத்த குறியாக்கம் (எழுத்துகளைக் கோப்பில் எண்ணாகச் சேமிக்கும் முறை), போட்டுவைத்த பிளக்இன் (கூடுதல் வசதி), நினைவில் நிற்கும் கடைசிக் கோப்புறை எல்லாம் சேர்ந்து கையேட்டின் ஓட்டையை அடைத்துக் காட்டும். புதிதாக வருகிறவர் அதே ஓட்டையில் விழுவார். கியூஜிஐஎஸ்ஸில் செட்டிங்ஸ் → யூசர் புரொஃபைல்ஸ் → நியூ புரொஃபைல் போய் வெற்று புரொஃபைல் (தனி அமைப்புத் தொகுப்பு) ஒன்று உருவாக்குங்கள். லிப்ரெஆஃபீஸில் ஹெல்ப் மெனுவில் சேஃப் மோடில் மறுபடி தொடங்கும் வசதி இருக்கிறது. பக்கத்தில் ஒரு நோட்டு: கையேடு சொன்னது, திரையில் வந்தது, நீங்கள் செய்தது. தாளின் தலையில் மென்பொருளின் பதிப்பு எண்ணும் இயங்குதளமும்.

உங்கள் மதகுப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். அதை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) ஆக்கி ஏற்றும்போது இந்தப் பக்கத்தில் வழக்கமாக இடறுவது இவை:

எக்செல்லில் வெறும் 'சிஎஸ்வி' என்று சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். திரையில்தான் அப்படித் தெரிகிறது என்று நினைக்க வேண்டாம். கோப்புக்குள்ளேயே எழுத்து போய்விட்டது, மீட்க முடியாது. 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லிப்ரெஆஃபீஸின் அட்டவணைச் செயலியான கால்க்கில் சேமிக்கும்போது 'எடிட் ஃபில்டர் செட்டிங்ஸ்' கட்டத்தை டிக் செய்தால் குறியாக்கம் கேட்கும். பட்டியலே பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் குறியாக்கத்தை எப்படி மாற்றினாலும் பயனில்லை. முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

அடுத்தது அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது. நாம் பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்கிறோம், அதனால் எக்ஸ் பெட்டியில் அதைக் கொடுத்துவிடுகிறோம். எக்ஸ் என்பது தீர்க்கரேகை. தஞ்சாவூர் 10.79 வடக்கு, 79.14 கிழக்கு. மாற்றிக் கொடுத்தால் புள்ளி ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவின் கரையோரம் போய் விழும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் அதுவும் செல்லுபடியாகும் இடம்தான்.

ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவில் சேமிக்கும்போது நெடுவரிசைப் பெயர் வெட்டுப்படும். அதன் அட்டவணைப் பகுதியான டிபிஎஃப் கோப்பில் பெயருக்கு இருக்கும் இடம் 10 பைட். ஆங்கிலத்துக்கு அது பத்து எழுத்து. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், ஆக மூன்று குறியீட்டுக்கு மேல் தாங்காது. 'வாய்க்கால்' என்ற தலைப்பில் 'வாய' மட்டும் மிஞ்சும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவில் இந்தத் தொல்லை இல்லை.

இவை மூன்றும் ஒரே இடத்துக்குப் போகிற விஷயமல்ல. எக்செல் சேமிப்பு கியூஜிஐஎஸ்ஸின் குற்றமல்ல, கையேட்டில் ஒரு குறிப்பு போதும். எக்ஸ், ஒய் குழப்பத்தை அந்தப் பக்கம் தெளிவாகச் சொல்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு வாக்கியம் சேர்க்கலாம். '10 எழுத்து' என்று யார் எழுதியிருந்தாலும் '10 பைட்' என்று திருத்தலாம், அது தமிழோடு சேர்த்து அரபிக்கும் சீனத்துக்கும் உதவும். ஆனால் மா, குழி கணக்கு மூலக் கையேட்டுக்குப் போகக் கூடாது. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, அதாவது ஏறத்தாழ 1338 சதுர மீட்டர். பரப்பை 1338ஆல் வகுக்கும் சூத்திரம் நம் காவிரி டெல்டாவுக்கு அவசியம், ஆனால் அதன் இடம் தமிழ்ப் பக்கம்.

கிட் பற்றி: முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். கியூஜிஐஎஸ் ஆவணம் முழுவதும் கிட்ஹப் இணையதளத்தில் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் (குறிகள் சேர்த்த வெறும் உரை) கோப்புகளாக இருக்கிறது. கணக்கு தொடங்கி, அந்தக் கோப்பைத் திறந்து பென்சில் குறியை அழுத்தினால் உங்கள் பெயரில் ஒரு நகல் உருவாக்கலாம். திருத்தி, என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதி புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பலாம். எல்லாம் பிரவுசரிலேயே. கவனிக்க வேண்டியது ஒன்று: திருத்தம், அடுத்த பதிப்புக்காக வளரும் மாஸ்டர் கிளைக்குப் போக வேண்டும். நீங்கள் படித்த பக்கம் பழைய பதிப்பினுடையதாக இருந்தால் மாஸ்டரில் ஏற்கெனவே சரிசெய்திருப்பார்கள். முதலில் அங்கே போய்ப் பாருங்கள், குறைகளைப் பதியும் இஷ்யூ பட்டியலிலும் தேடுங்கள்.

ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரே விஷயம். போகிற போக்கில் கண்ணில் பட்ட காற்புள்ளியெல்லாம் திருத்தி நாற்பது வரி அனுப்பினால், ரிவ்யூ செய்கிறவர் எது முக்கியம் என்று தேடிச் சலித்து ஓரமாக வைத்துவிடுவார். புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் தந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020 அக்டோபரில் அதற்காக ரீட்மீ என்ற அறிமுகக் கோப்புகளில் ஒப்புக்கு ஒரு சொல்லைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பெயர் தெரியாதவரின் சொற்திருத்தம் என்றாலே பராமரிப்பாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தச் சந்தேகம் வராது.

நாகை_எழுத்தாணி:

கிட் பக்கமே போக விருப்பமில்லை என்றால் லிப்ரெஆஃபீஸ் கையேடுகள் இருக்கின்றன. ரைட்டர் கையேடு, கால்க் கையேடு எல்லாம் ரைட்டர் என்ற அதன் உரைச் செயலியிலேயே ஓடிடி கோப்பாக எழுதப்படுபவை. ஒரு அத்தியாயத்தை எடுத்து, மாற்றங்களைக் குறித்துக் காட்டும் 'டிராக் சேஞ்சஸ்' போட்டுத் திருத்தி, ஆவணக் குழுவிடம் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை முறை. அவர்களுடைய டெம்ப்ளேட்டில் இருக்கும் பத்தி ஸ்டைல்களை மட்டும் பயன்படுத்துங்கள். கையால் தடித்த எழுத்து போட்டு, என்டர் தட்டி இடைவெளி விட்டால் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் களைய வேண்டியிருக்கும். அதற்கு அந்த அத்தியாயத்தைத் திருத்தாமலே விட்டிருக்கலாம் என்று தோன்றிவிடும்.

உரிமம் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்தக் கையேடுகள் ஜிபிஎல் 3, கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 (எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும்) என்ற இரட்டை உரிமத்தில் வருபவை. விக்கிப்பீடியா உரை பிஒய்-எஸ்ஏ. அங்கிருந்து ஒரு பத்தியை எடுத்து இங்கே ஒட்டினால் 'அதே உரிமத்தில் பகிர்' என்ற நிபந்தனை உடைகிறது. இரண்டும் 'கட்டற்றது'தானே என்பது போதாது. கட்டற்ற மென்பொருள் திட்டமான குனூவின் ஆவண உரிமம் 2000இல் வந்தது. அதில் மாற்றக் கூடாத பகுதிகளைக் குறித்துவைக்கலாம் என்ற ஏற்பாடு இருந்ததால், அப்படிப்பட்ட பகுதி உள்ள ஆவணங்களைக் கட்டற்றவை என ஏற்பதில்லை என்று டெபியன் லினக்ஸ் திட்டம் 2006இல் வாக்கெடுத்து முடிவு செய்தது. எடுக்கும் இடம், போடும் இடம் இரண்டின் உரிமத்தையும் பாருங்கள். சந்தேகம் என்றால் சொந்தமாக எழுதிவிடுங்கள், நேரமும் மிச்சம்.

செயற்கை நுண்ணறிவில் எழுதி ஒட்டும் எண்ணம் இருந்தால் திட்டத்தின் விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். ஜென்டூ லினக்ஸ் திட்டம் 2024 ஏப்ரலில் அதை அறவே தடை செய்தது. ஆவணத்தில் அது செய்யும் கெடுதல் தனி: இல்லாத மெனுவை இருப்பதுபோல் வழவழவென்று எழுதிவிடும்.

அரிசிலாறு:

தமிழா ஆங்கிலமா என்ற கேள்விக்கு வருகிறேன். கியூஜிஐஎஸ் மூலக் கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே எழுதப்படுகிறது, பிற மொழிகள் டிரான்சிஃபெக்ஸ் என்ற மொழிபெயர்ப்புத் தளம் வழியாக மொழிபெயர்ப்பாக வருகின்றன. ஆக ஓட்டையை அடைப்பது ஆங்கிலத்தில். இலக்கிய ஆங்கிலம் வேண்டாம், குட்டி வாக்கியங்கள் போதும். தமிழில் நேரடியாக எழுதுவதற்கு வேறு இடம் வேண்டும்: கணியம் இணைய இதழ், தமிழ் விக்கிநூல்கள், அல்லது சொந்தமாக ஒரு ரெப்போ (கோப்புக் களஞ்சியம்) வைத்து ரீட் த டாக்ஸ் என்ற ஆவணத் தளத்தில் ஏற்றலாம். திறந்த மூலத் திட்டங்களுக்கு அது இலவசம்.

ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் தமிழ் எழுதினால் எந்தக் கையேட்டிலும் எழுதியிராத சில சங்கடங்கள் வரும்.

தலைப்புக்குக் கீழே சமக்குறி வரிசை போட வேண்டும், அது தலைப்பைவிடக் குட்டையாக இருந்தால் எச்சரிக்கை வரும். 'கோப்பு' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடு. புள்ளியை மட்டும் கழித்துவிட்டு மற்றதையெல்லாம் அகலமாக எண்ணிக்கொள்கிறது. எழுத்தை எண்ணிக்கொண்டு உட்காராமல் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது சமக்குறி போட்டுவிடுங்கள். நீளமாக இருந்தால் தவறில்லை.

தடித்த எழுத்துக்கு இருபுறமும் இரண்டு நட்சத்திரம் போடுவோம். மூடும் நட்சத்திரத்துக்குப் பின் இடைவெளியோ நிறுத்தற்குறியோ இருந்தே ஆக வேண்டும். நம் மொழியில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டு வருமே, அங்கே உடையும். 'ஆட்' என்பதைத் தடித்ததாக்கி உடனே 'ஐ அழுத்தவும்' என்று ஒட்டினால் நட்சத்திரங்கள் அப்படியே பக்கத்தில் நிற்கும். 'ஆட்' என்று மூடிவிட்டு, இடைவெளி விட்டு, 'பொத்தானை அழுத்தவும்' என்று எழுதினால் பிரச்சினை இல்லை. மார்க்டவுன் என்ற இன்னொரு குறிமுறையில் ஒட்டி எழுதலாம், ஆனால் நட்சத்திரத்துக்குள் மேற்கோள்குறியும் இருந்தால் அங்கேயும் உடையும். பொத்தான், பெட்டி, பட்டியல், கட்டம் என்று ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்து எழுதும் பழக்கம் இரண்டுக்கும் பொருந்தும், படிக்கிறவருக்கும் எதைத் தேட வேண்டும் என்று தெரியும்.

தேடல் இன்னொரு தலைவலி. இந்தக் கோப்புகளை இணையப் பக்கமாக்கும் ஸ்ஃபிங்க்ஸ் கருவி ஆதரிக்கும் தேடல் மொழிகளில் தமிழ் இல்லை. அது எழுதப்பட்ட பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான சொல் பிரிப்பு 'தமிழ்' என்பதை 'தம', 'ழ' என்று இரண்டாக வெட்டும். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே கருதுவதில்லை. தேடல் பெட்டியை நம்பாமல் அகரவரிசையில் கைப்பட ஒரு சொற்பட்டியல் பக்கம் வையுங்கள். 'வாய்க்காலில்', 'வாய்க்காலை' என்றில்லாமல் 'வாய்க்கால்' என்று எழுவாய் வடிவிலேயே இருக்கட்டும்.

மெனு பெயர்களை நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள். நம் பக்கத்தில் கணினிகள் பெரும்பாலும் ஆங்கில இடைமுகத்தில்தான் ஓடுகின்றன. 'லேயர்' மெனுவை 'அடுக்கு' என்று எழுதினால் அந்தப் பெயரில் திரையில் எதுவும் இருக்காது. தமிழ் இடைமுகத்துக்கு எழுதினால் மொழிபெயர்ப்புக் கோப்பில் என்ன சொல் இருக்கிறதோ அதையே எடுங்கள், பிடிக்காவிட்டாலும். சொல் பிடிக்கவில்லை என்றால் அங்கே போய் மாற்றுங்கள், கையேட்டில் வேண்டாம்.

வெட்டாறு_2:

எல்லோரும் புதிய பக்கம் எழுதச் சொல்கிறீர்கள். முதலில் மொழிபெயர்ப்பில் நுழையட்டுமே? ஒவ்வொரு வரியாகத் தனித்தனியாக வரும், வேலை எளிது, ஐந்து நிமிடம் கிடைத்தால்கூட இரண்டு வரி முடிக்கலாம். மின்சாரம் போனால் பெரிதாக இழப்பில்லை.

குடமுருட்டி:

வெட்டாறு அண்ணே, இடைமுகச் சொற்களுக்கு நீங்கள் சொல்வது சரி. கையேட்டுக்குச் சரிவராது. கையேட்டின் ஒரு பத்தி மூன்று நான்கு துண்டாக உடைந்து வரும், முன்பின் தெரியாமல் 'அது', 'இது' என்று எழுதி வைப்போம். மூலத்தில் ஒரு சொல் மாறினாலும் அந்த வரி 'ஃபஸ்ஸி' (மறுபடி சரிபார்க்க வேண்டியது) ஆகிவிடும். பிஓ என்ற மொழிபெயர்ப்புக் கோப்பைத் தொகுக்கும்போது ஃபஸ்ஸி வரியை விட்டுவிட்டு ஆங்கிலத்தையே காட்டும். இரண்டு பதிப்பு கவனிக்காமல் விட்டால் பக்கம் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தலைமடையில் மூலத்தைச் சரிசெய்தால் அது எல்லா மொழிக்கும் பாயும். கடைமடையில் மட்டும் தூர்வாரிக் கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வெட்டாறு_2:

தலைமடையில் ஆங்கிலம் தடுமாறுகிறவர் நம்மில் பாதிப் பேர். அதையும் கணக்கில் வையுங்கள்.

மன்னை_வடவாறு:

சொன்னபடி வெற்று புரொஃபைலில் ஏற்றிப் பார்த்துத் தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு தொடக்கம் எழுதியிருக்கிறேன். குறை சொல்லுங்கள்:

"பயனர்கள் தங்களது தரவுகளை இறக்குமதி செய்துகொள்வதன் மூலம் வரைபடத்தில் புள்ளிகளைக் காண இயலும். முதலில் லேயர் மெனுவிற்குச் சென்று தேவையானவற்றைத் தேர்வு செய்து ஓகே கொடுக்கவும். புள்ளிகள் சரியாகத் தெரியும்."

அரிசிலாறு:

முதல் வாக்கியத்தை எடுத்துவிடலாம். பக்கத்தைத் திறந்தவருக்கு அது ஏற்கெனவே தெரியும். 'தேவையானவற்றை' என்ற சொல்தான் மொத்தச் சிக்கலும்: எவை தேவை என்று தெரியாமல்தான் அவர் வந்திருக்கிறார். அந்த உரையாடலில் ஓகே பொத்தானே கிடையாது, 'ஆட்' தான். கடைசி வாக்கியம் சத்தியம் செய்கிறது, சோதிக்க வழி சொல்லவில்லை. இப்படி மாற்றிப் பாருங்கள்:

"1. லேயர் → ஆட் லேயர் → ஆட் டிலிமிடெட் டெக்ஸ்ட் லேயர் திறக்கவும்.

2. 'ஃபைல் நேம்' பெட்டியில் மதகு.சிஎஸ்வி கோப்பைக் காட்டவும். 'என்கோடிங்' பட்டியலில் யூடிஎஃப்-8 இருக்க வேண்டும். கீழே 'சாம்பிள் டேட்டா' பகுதியில் ஆறு, வாய்க்கால் பெயர்கள் தமிழில் தெரிய வேண்டும். கேள்விக்குறியாகத் தெரிந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு, கோப்பை மறுபடி சேமித்து வரவும்.

3. 'ஜியாமெட்ரி டெஃபினிஷன்' பகுதியில் 'பாயின்ட் கோஆர்டினேட்ஸ்' தேர்ந்தெடுக்கவும். எக்ஸ் பெட்டியில் தீர்க்கரேகை (79 என்று தொடங்குவது), ஒய் பெட்டியில் அட்சரேகை (10 என்று தொடங்குவது). 'ஜியாமெட்ரி சிஆர்எஸ்' இபிஎஸ்ஜி 4326 (டிகிரியில் சொல்லும் அட்சரேகை, தீர்க்கரேகை முறை).

4. 'ஆட்' பொத்தானை ஒரு முறை மட்டும் அழுத்தவும். உரையாடல் தானாக மூடாது. வேலை நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினால் அதே லேயர் இரண்டாக வரும். 'க்ளோஸ்' கொடுக்கவும்.

5. லேயர் பெயரில் வலது சொடுக்கு செய்து 'ஜூம் டு லேயர்' கொடுக்கவும். வெண்ணாறு, கோரையாற்றுப் பக்கம் புள்ளிகள் வர வேண்டும். திரை வடதுருவத்துக்குப் போனால் படி 3இல் எக்ஸ், ஒய் மாறியிருக்கிறது."

79, 10 என்ற குறிப்பு மூலக் கையேட்டில் செல்லாது, தமிழ்ப் பக்கத்தில் தாராளமாக வைக்கலாம். அதற்காகத்தானே தனிப் பக்கம்.

இதற்கு அடுத்த பக்கமாக வாய்க்காலின் இருபுறமும் 50 மீட்டர் பஃபர் (சுற்றுப்பட்டை) போடுவதை எழுதினால், 4326இல் 50 என்று கொடுத்தால் அது 50 டிகிரி ஆகும் என்பதை முதல் படியிலேயே சொல்லிவிடுங்கள். லேயரை முதலில் மீட்டரில் அளக்கும் இபிஎஸ்ஜி 32644க்கு மாற்ற வேண்டும். டெல்டா முழுவதும் அந்த எண் குறிக்கும் யூடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்குள்தான் வருகிறது, அதனால் மாவட்டத்துக்கு மாவட்டம் எண்ணை மாற்ற வேண்டியதில்லை.

நாகை_எழுத்தாணி:

படம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்து படிக்கு ஒரு படம் போதும், படி 3க்கு மட்டும் வையுங்கள். முழுத் திரையை எடுக்காமல் அந்த உரையாடலை மட்டும், பிஎன்ஜியாக. ஜேபெக்கில் தமிழ் எழுத்தின் ஓரம் கலங்கிவிடும். படத்தில் உண்மையான பட்டா எண், உரிமையாளர் பெயர், கைபேசி எண் இருக்கவே கூடாது. மங்கலாக்குவதையும் நம்ப வேண்டாம். மூன்று வரியில் ஒரு போலிப் பட்டியல் தயாரித்து, அதையே எல்லாப் படத்துக்கும் பயன்படுத்துங்கள், பதிவிறக்கவும் கொடுங்கள். படிக்கிறவர் உங்கள் பட்டியலை வைத்தே செய்து பார்க்கலாம். படத்தில் உள்ள தகவல் உரையிலும் இருக்க வேண்டும். பார்வையற்றோர் திரைபடிப்பானில் கேட்பார்கள், அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறினால் உரையைத் திருத்துவது ஒரு நிமிட வேலை, படம் எடுப்பது அரை மணி நேரம்.

மன்னை_வடவாறு:

படி 4இல் நானே இரண்டு முறை அழுத்தியிருக்கிறேன், லேயர் இரட்டையாக இருப்பதை இப்போதுதான் பார்த்தேன். எக்ஸ், ஒய் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி கிட்ஹப்பில் அனுப்பப் போகிறேன். எத்தனை நாளில் பதில் வரும்? வராவிட்டால் என்ன செய்வது?

குடமுருட்டி:

நாள் சொல்ல முடியாது, அவர்களும் தன்னார்வலர்கள்தான். அனுப்பியவுடன் தானியங்கிச் சோதனை ஓடும், சிவப்பு விழுந்தால் அதைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் பட்டியலுக்கு முன் ஒரு வெற்று வரி விட்டுப்போயிருக்கும், அல்லது உள்தள்ளலில் ஒரு இடைவெளி கூடியிருக்கும். அதை நீங்களே அதே புல் ரிக்வெஸ்டில் சரிசெய்யலாம், புதிதாக இன்னொன்று திறக்க வேண்டாம். இரண்டு வாரம் சத்தமில்லை என்றால் அதன் கீழேயே பணிவாக ஒரு வரி கேளுங்கள். வேறு மாதிரி எழுதச் சொன்னால் எழுதிக் கொடுங்கள், வாதாடுவது உண்மைத் தகவல் தவறும் இடத்தில் மட்டும்.

காத்திருக்கும் நேரத்தில் தமிழ்ப் பக்கத்தின் தலையில் எந்தப் பதிப்பில் சோதித்தது என்று எழுதிவையுங்கள். ஆண்டுக்கு ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பு வருகிறது. வந்ததும் புது புரொஃபைலில் ஐந்து படியையும் மறுபடி ஓட்டிப் பார்த்து அந்த எண்ணை மாற்றுங்கள். குறுவைக்கு ஜூன் 12 மாதிரி ஒரு தேதி வைத்துக்கொண்டால் மறக்காது, மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும்.